பராமரிப்பே வேண்டாத பலகை: வராந்தாவுக்குப் பின்னால ஒரு குட்டி வரலாறு

ஜெர்மன்காரங்களுக்கு ரொம்பப் பிடிச்ச வார்த்தைகளில் ஒண்ணு 'ஃப்ளேகலைஷ்ட்'. பராமரிக்க லேசானதுன்னு அர்த்தம். சட்டை, செடி, நாய், வீட்டுத் தரை எல்லாத்துக்கும் இந்த ஒரே சர்டிபிகேட்தான். ஏப்ரல் மாசம் வெயில் லேசா எட்டிப் பார்த்தா போதும், கட்டுமானச் சாமான் கடைகளில் வராந்தாப் பலகைகளை அடுக்கி வச்சு மேல கொட்டை எழுத்தில் இதைத்தான் எழுதி வைப்பாங்க. அந்தப் பலகைக்குப் பேரு டபிள்யூ.பி.சி. மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் கலந்து, சூடாக்கி, முறுக்கு பிழியற மாதிரி அச்சு வழியாத் தள்ளி நீள நீளமா எடுக்கிற பலகை. எண்ணெய் பூச வேண்டாம், வார்னிஷ் வேண்டாம், செதில் பேர்ந்து காலில் குத்தாது, மழையில் மக்காது. இப்படித்தான் சொல்லி விக்கறாங்க.

நான் இங்கே டிரெஸ்டன்ல மெட்டீரியல்ஸ் படிக்கிறேன். அதனால எந்தப் பொருளைப் பார்த்தாலும் 'உள்ளே என்ன இருக்கு'ன்னு குடையற வியாதி வந்தாச்சு. இந்தப் பலகையைக் குடைஞ்சப்போ உள்ளே பிளாஸ்டிக்கை விட வரலாறுதான் அதிகமா இருந்துச்சு. அதுவும் ஜெர்மனியையும் நம்ம ஊரையும் மாத்தி மாத்தித் தொட்டுட்டுப் போற வரலாறு. கொஞ்சம் நீளமான கதை, டீ எடுத்துட்டு வந்து உக்காந்துக்கோங்க :-)

*

'பராமரிப்பு வேண்டாத பலகை'ன்னதும் ஏதோ புதுக் கண்டுபிடிப்புன்னு நினைச்சுக்காதீங்க. ஒரிஜினல் ஃப்ளேகலைஷ்ட் பலகை நம்ம தேக்குதான். எண்ணெய்ப்பசை உள்ள மரம். கரையான் கிட்ட வராது, தண்ணியில ஊறாது, இரும்பு ஆணி அடிச்சாலும் மத்த மரங்கள் மாதிரி சீக்கிரம் அரிக்காது. பம்பாயில் மலபார் தேக்கில் கட்டி 1817ல் கடலில் இறக்கின 'டிரிங்கோமலி' (நம்ம திருகோணமலைதான்!) போர்க்கப்பல் இன்னும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூலில் மிதந்துட்டு இருக்கு.

அதனாலதான் பிரிட்டிஷ் கடற்படை தேக்கு தேக்குன்னு அலைஞ்சது. மலபார் காட்டைக் காலி பண்ணினாங்க. ஆனைமலையில் வெட்டின மரத்தை உச்சியிலிருந்து சறுக்கி விட்டாங்க, அந்த இடத்துக்கு டாப்ஸ்லிப்னே பேரு நின்னு போச்சு. காடு தீர்ந்துடும்னு பயம் வந்தப்போ, 1840களில் மலபார் கலெக்டர் கனோலியும் அவருக்குக் கீழ வேலை பார்த்த சாத்து மேனனும் நிலம்பூரில் தேக்கு நட ஆரம்பிச்சாங்க. அடுத்து பர்மா. அங்கேதான் ஜெர்மன் ஆள் உள்ளே வர்றார்.

டீட்ரிஷ் பிராண்டிஸ். 1824ல் பான் நகரத்தில் பிறந்தவர், தாவரவியல் ஆசிரியர். 1856ல் பர்மாவில் பெகு பகுதியின் தேக்குக் காடுகளுக்குப் பொறுப்பாளரா டல்ஹவுசி அரசாங்கம் இவரைக் கூட்டிட்டு வந்தது. ஏன் ஜெர்மன்காரர்? அந்தக் காலத்தில் காட்டை எண்ணி, அளந்து, கணக்குப் போட்டு வெட்டுற வித்தையில் ஜெர்மன்காரங்கதான் கில்லி. நான் இருக்கிற ஊரிலிருந்து ரயிலேறினா போற வழியில் தராண்ட் வரும். ஹைன்ரிஷ் கோட்டா 1811ல் தன் வனவியல் பள்ளியைக் கொண்டு வந்து வச்ச ஊர். அதே வண்டியில் இன்னும் கொஞ்ச தூரம் போனா ஃப்ரைபெர்க். அங்கே வெள்ளிச் சுரங்க நிர்வாகத்தில் இருந்த கார்லோவிட்ஸ் 1713ல் ஒரு புத்தகம் போட்டார். உலை எரிக்க விறகு தீர்ந்துட்டே வருது, வளர்ற அளவுக்கு மட்டும் வெட்டுன்னு சாரம். இன்னைக்கு எல்லாரும் மேடை போட்டுப் பேசற 'நீடித்த பயன்பாடு'ங்கிற சமாச்சாரத்துக்கு ஜெர்மன்காரங்க பிறந்தநாள் கொண்டாடறது இந்தப் புத்தகத்தை வச்சுதான்.

பிராண்டிஸ் பெகுவில் யானை மேல உக்காந்து காடு முழுக்கச் சுத்தினார். எந்தப் பருமனில் எத்தனை தேக்கு இருக்குன்னு மூங்கில் குச்சியில் கத்தியால் கோடு கிழிச்சுக் கணக்கெடுத்தார். மலையில் காட்டை எரிச்சு நெல் போடற கரேன் ஜனங்களை வச்சே தேக்கு நட வச்சார். நெல்லோட சேர்த்துத் தேக்கு நடணும், ரெண்டு வருஷத்தில் நெல் முடிஞ்சு ஜனங்க அடுத்த இடத்துக்குப் போயிடுவாங்க, தேக்கு அங்கேயே நிக்கும். 'டவுங்யா' முறைன்னு பேரு. அவங்க உழைப்பு, அவங்க நிலம், மரம் மட்டும் சர்க்காருக்கு.

1864ல் பிராண்டிஸ் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைமை அதிகாரி ஆனார். 1878ல் டேராடூனில் வனப்பள்ளி தொடங்கினார் (இந்த ஊரை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வரும்). அதே 1878ல் வனச்சட்டம். தலைமுறை தலைமுறையா விறகு பொறுக்கி, மாடு மேய்ச்ச ஜனங்களுக்கு அது 'உரிமை' இல்லை, சர்க்கார் குடுக்கிற 'சலுகை'ன்னு பெரும்பாலான காடுகளில் ஆயிடுச்சு. சென்னை மாகாண அரசே, 'எங்க ஊர்ல கிராமத்துக்காரனுக்குக் காட்டில் உரிமை இருக்கு'ன்னு ரொம்ப நாள் முரண்டு பிடிச்சது. கடைசியில் இங்கேயும் 1882ல் சென்னை வனச்சட்டம் வந்துச்சு. பிராண்டிஸ் நேரா நம்ம மாகாணத்துக்கே வந்து யோசனை அறிக்கையும் எழுதிக் குடுத்தார். அவரை வில்லனாக்க எனக்கு இஷ்டமில்லை. கிராமத்துக்குன்னு தனிக் காடு ஒதுக்கணும்னு வாதாடினவர் அவர், காட்டைப் பத்தி உண்மையிலேயே கவலைப்பட்ட மனுஷன். ஆனா தேக்குப் பலகை வீட்டு வாசலில் நூறு வருஷம் சும்மா கிடக்கறதுக்கான பராமரிப்பை, எங்கேயோ ஒரு மலையில் யாரோ முன்கூட்டியே பண்ணிட்டாங்கங்கிறதுதான் விஷயம். பில் மட்டும் நமக்கு வரலை.

*

தேக்குக்குக் காசில்லாதவன் என்ன பண்ணுவான்? சாதா பைன் மரத்தை வாங்கி அதுக்கு விஷம் வைப்பான்.

இதுலயும் ஜெர்மனி முன்வரிசை. ரயில் வந்தப்போ தண்டவாளத்துக்குக் கீழ போடற கட்டைகள் சீக்கிரமே மக்கிப் போச்சு. யூலியஸ் ருட்கர்ஸ்ங்கிறவர் 1849ல் அந்தக் கட்டைகளில் தார் எண்ணெயை ஏத்தற தொழிலைத் தொடங்கினார். எண்ணெய்க்காக பெர்லின் பக்கத்தில் எர்க்னர்ல தார் வடிக்கிற ஆலை வந்தது (இந்த ஊரும் திரும்ப வரும்!).

தார் பூசின கட்டையை வீட்டு வராந்தாவில் போட முடியாது, நாறும், ஒட்டும். அதுக்குத் தண்ணியில கரையற உப்பு வேணும். இங்கே மறுபடியும் டேராடூன். அங்கே வன ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த சோண்டி காமேசன் 1933ல் ஒரு கலவை கண்டுபிடிச்சார். செம்பு, குரோமியம், ஆர்சனிக். செம்பு பூஞ்சையைக் கொல்லும், ஆர்சனிக் கரையானைக் கொல்லும், குரோமியம் ரெண்டையும் மரத்தோட இறுக்கிப் பிடிச்சுக்கும். அமெரிக்க பேட்டன்ட் 1938ல் கிடைச்சது. உலகம் பூராவும் கம்பங்கள், வேலிகள், அப்புறம் அமெரிக்காவில் கோடிக்கணக்கான வீட்டு டெக்குகள், எல்லாம் இந்தக் கலவையில் குளிச்ச பச்சை மரம்தான். அமெரிக்கன் ஞாயித்துக்கிழமை பார்பிக்யூ போடற டெக்குக்குப் பின்னால ஒரு இந்திய விஞ்ஞானி நிக்கறார்னு எத்தனை பேருக்குத் தெரியும்? நம்ம பாடப்புத்தகத்திலும் அவர் பேரை நான் பார்த்ததில்லை.

ஆனா அந்த ஆர்சனிக் கொஞ்சம் கொஞ்சமா மழையில் கழுவி மண்ணுக்கு இறங்குச்சு. குழந்தைங்க தவழ்ற இடம், கை வாய்க்குப் போகும். 2003 கடைசியோட அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு இந்த மரத்தைத் தயாரிக்கறதை நிறுத்தினாங்க. ஐரோப்பிய யூனியனில் 2004 நடுவில் கட்டுப்பாடு வந்தது. ஜெர்மனிக்குத் தனியா இன்னொரு காயம். 1970களில் வீட்டுக்குள்ள மரச்சுவர், மரக்கூரைக்கு எல்லாம் பூஞ்சை மருந்து பூசினாங்க. அதில் இருந்த பி.சி.பி., லிண்டேன் காத்தில் கலந்து குடும்பம் குடும்பமா நோய்ல விழுந்தாங்கன்னு ஃபிராங்க்ஃபர்ட்டில் பெரிய வழக்கே நடந்தது. பி.சி.பி.யை 1989ல் தடை பண்ணினாங்க.

போன கோடையில் என் வீட்டுக்காரம்மா தன் வராந்தாவில் கிடந்த பழைய பச்சைப் பலகையைப் பேர்க்கச் சொன்னாங்க. நானும் அறைத்தோழனும் சேர்ந்து பேர்த்தோம். அதைக் குளிர்காலத்தில் அடுப்பில் போட்டுடலாமேன்னு நம்மூர் புத்தியில கேட்டேன். அந்தம்மா பதறிட்டாங்க. ஜெர்மனியில் பழைய மரத்துக்கு நாலு வகுப்பு இருக்கு, விஷமேத்தின வெளிப்புற மரம் பொதுவா கடைசி வகுப்பு. தனி ஆலையில்தான் எரிக்கணும். நகராட்சிக் கழிவு மையத்துக்குக் கொண்டு போய், எடை போட்டு, காசும் கட்டிட்டு வந்தோம். வாங்கும்போது 'மக்காது'ன்னு சந்தோஷப்பட்டு வாங்கின பலகைதான். அது மக்கலைங்கிறதுதான் இப்போ பிரச்சினை.

*

இப்போ எர்க்னருக்குத் திரும்புவோம். தார் வடிச்சா கிடைக்கிற சரக்குகளில் ஒண்ணு ஃபீனால். பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்கா போன லியோ பேக்லண்ட் 1907ல் ஃபீனாலை வச்சு பேக்லைட் செஞ்சார். முழுக்கச் செயற்கையான முதல் பிளாஸ்டிக். அதை அப்படியே வார்த்தா கண்ணாடி மாதிரி உடையும். மரத்தூள் கலந்தா உறுதி வரும், செலவும் குறையும். 1910ல் இந்த பேக்லைட்டைத் தயாரிக்க ருட்கர்ஸ் நிறுவனம் கம்பெனி தொடங்கின இடம் எர்க்னர். ரயில் கட்டைக்கு விஷம் காய்ச்சின அதே ஊரில், மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கல்யாணம் பண்ணிக்கிச்சு. நம்ம தாத்தா வீட்டுல கருப்பா உருண்டையா ஒரு சுவிட்ச் இருந்திருக்குமே, 'டக்'னு சத்தம் போடுமே, அதுதான் டபிள்யூ.பி.சி. பலகையோட கொள்ளுத்தாத்தா.

பேக்லைட் ஒரு தடவை இறுகினா திரும்ப உருகாது. உருகற பிளாஸ்டிக்கில் மரத்தூளைக் கலக்கணும்னா சிக்கல், ஏறக்குறைய 200 டிகிரி தாண்டினா மரம் கருக ஆரம்பிச்சிடும். அதனால குறைஞ்ச சூட்டில் உருகற பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன்தான் தோது. 1970களில் இத்தாலியில் கார் கதவின் உள்பக்கத்துக்கு இப்படிப் பலகை செஞ்சாங்க. 1980களில் அது அமெரிக்கா போச்சு. 1990களில் அங்கே மோபில் கம்பெனியோட ஒரு பிரிவு மரத்தூளையும் பழைய பிளாஸ்டிக் பைகளையும் கலந்து டெக் பலகை போட்டது. 1996ல் அந்தப் பிரிவின் நாலு மேலாளர்கள் அதை வாங்கித் தொடங்கினதுதான் ட்ரெக்ஸ். ஆர்சனிக் மரம் 2003ல் கடையை விட்டு இறங்கினப்போ, காலியான இடத்தில் ஏறி உக்கார இந்தப் பலகை தயாரா இருந்தது.

ஜெர்மனிக்கு வந்த வழி கொஞ்சம் வேற. இங்கே 1980களின் கடைசியில் மழைக்காடு அழியுதுன்னு பெரிய எழுச்சி. நூத்துக்கணக்கான நகராட்சிகள் இனி வெப்பமண்டல மரம் வாங்க மாட்டோம்னு முடிவெடுத்தாங்க. ஒட்டுமொத்தமா ஒதுக்கினா காட்டுக்கு மதிப்பே இல்லாம போய் எல்லாத்தையும் எரிச்சு வயலாக்கிடுவாங்கன்னு இன்னொரு வாதம். அந்தச் சண்டையிலிருந்து 1993ல் பிறந்ததுதான் எஃப்.எஸ்.சி. முத்திரை. அதோட தலைமையகம் 2003ல் மெக்சிகோவிலிருந்து பான் நகரத்துக்கு வந்தது. ஆமா, பிராண்டிஸ் பிறந்து, 1907ல் இறந்த அதே பான். தேக்கு விவகாரம் இன்னும் ஓயலை. ஜெர்மன் கடற்படையின் பாய்மரக் கப்பல் கோர்ச் ஃபோக்கை செப்பனிட்டப்போ மேல்தளத்துக்கு மியான்மர் தேக்கு போட்டது சட்டவிரோதம்னு 2019ல் டபிள்யூ.டபிள்யூ.எஃப். கொடி பிடிச்சது. 2021 ராணுவப் புரட்சிக்கப்புறம் மியான்மர் அரசு மரக் கழகத்து மேலயே ஐரோப்பிய யூனியன் தடை போட்டது.

ஆக, தேக்கு வாங்கினா மனசாட்சி உறுத்துது, பச்சைப் பலகைன்னா விஷ பயம். நடுவில் மரத்தூள் பலகை, 'மறுசுழற்சி'ங்கிற புண்ணியமும் சேர்த்து. எல்லாரும் அதுல விழுந்ததில் ஆச்சரியமில்லை. 2012ல் ஐரோப்பிய யூனியனில் 2,60,000 டன் தயாரானதில் மூணில் ரெண்டு பங்கு டெக் பலகை. ஜெர்மன் கம்பெனிகள் மரத்தின் பங்கை 70, 75 சதவீதம் வரைக்கும் ஏத்தினாங்க. 2014ல் ஐரோப்பியத் தரநிலையும் வந்தது.

*

இதையெல்லாம் நான் தோண்டினதுக்குக் காரணம் எங்க சித்தப்பா. காரைக்குடிப் பக்கம் எங்களுக்கு ஒரு பழைய வீடு. அரண்மனை எல்லாம் இல்லை, சின்ன வீடு. தாத்தாவோட அப்பா ரங்கூன்ல ஒரு வட்டிக்கடையில் கணக்கு எழுதினவர். அவர் கொண்டு வந்த எட்டு பர்மா தேக்குத் தூண் முன்கட்டில் நிக்குது. போன மாசம் சித்தப்பா போன் பண்ணினார்.

"தம்பி, தூணுக்கு நல்ல வெல தர்றேன்னு பழைய சாமான்காரன் வந்து நிக்கிறான். குடுத்துட்டு, திண்ணைய எடுத்துட்டு, அங்க எல்லாரும் போடுதாங்களாமே மரத்தூள் பலகை, அதப் போட்டுருவமா? உங்க சித்திக்கு முட்டி வலி, முன்ன மாதிரி கழுவி மெழுக முடியல."

அந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்குச் சுருக்குன்னுச்சு. நம்ம திண்ணைக்குப் பராமரிப்பே கிடையாதுன்னு நாம சொல்லிட்டுத் திரியறோம். சாணி மெழுகினது யாரு? சிவப்பு சிமெண்டுத் தரையைத் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கண்ணாடி மாதிரி ஆக்கினது யாரு? அப்பத்தா, அப்புறம் சித்தி. திண்ணையில் உக்காந்து வெத்தலை போட்ட ஆம்பளைகளுக்கு அது ஃப்ளேகலைஷ்ட்தான். பெகு மலையில் கரேன்காரன் எப்படிக் கண்ணுக்குத் தெரியலையோ அப்படி சித்தியும் தெரியலை. அதனால 'பழசு உசத்தி, பிளாஸ்டிக் மட்டம்'னு இங்கே உக்காந்துட்டு நான் தீர்ப்பு சொல்ல முடியாது.

சித்தப்பாவுக்கு நான் எழுதினது சுருக்கமா:

1. முழுக்கப் பராமரிப்பு இல்லாத பலகை கிடையாது. பிளாஸ்டிக்குக்கு நடுவில் இருக்கிறது மரம்தான், ஈரம் குடிக்கும். அமெரிக்காவில் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் போட்ட பாதையிலேயே பூஞ்சை பிடிச்சதை 1998ல் ஆராய்ச்சிக் கட்டுரையா எழுதியிருக்காங்க. தண்ணி தேங்காம சரிவு, பலகைக்கு நடுவில் இடைவெளி, அடியில் காத்தோட்டம் கட்டாயம். அழுக்கும் பாசியும் பிடிக்கும், பெருக்கிக் கழுவத்தான் வேணும்.

2. வெயில். டிரெஸ்டன்லயே ஜூலையில் அடர்நிறப் பலகையில் வெறுங்கால் வைக்க முடியலை. காரைக்குடி சித்திரை மாசத்துக்கு? தோசை ஊத்தலாம். நிறமும் முதல் சில மாசத்தில் வெளுக்கும்.

3. மரம் நீளவாக்கில் அவ்வளவா நீளாது. இந்தப் பலகை நீளும். நாலு மீட்டர் பலகை சூட்டில் பல மில்லிமீட்டர் வளரும். முனையில் இடம் விடாம அடிச்சா வில்லா வளையும். நம்ம ஆசாரி இதை மரம்னு நினைச்சு அடிச்சா கதை கந்தல்.

4. நம்மூரில் அந்தப் பேர்ல விக்கறது பெரும்பாலும் பி.வி.சி. நுரையில் மரத்தூள் கலந்த பலகை. கதவு, நிலை, சமையலறை அலமாரிக்குச் சரி. வெயிலில் நடக்கிற தரைக்கு அது வேற, ஜெர்மன் பலகை வேற. கடைக்காரர்கிட்ட என்ன பிளாஸ்டிக், எத்தனை சதவீதம் மரம், உள்ளே குழலா கெட்டியான்னு கேளுங்க. பதில் சொல்லலைன்னா நடையைக் கட்டுங்க.

5. கடைசியில் அது எங்கே போகும்? பழைய தேக்கை இழைச்சு மறுபடி கதவு செய்யலாம். இந்தக் கலவையைப் பிரிக்க முடியாது. இங்கே சில தயாரிப்பாளர்கள் வெட்டின துண்டைத் திரும்ப வாங்கி அரைச்சுப் புதுப் பலகை போடறாங்க. நம்மூரில் உங்க கடைக்காரர் வாங்கிப்பாரான்னு முதல்ல கேளுங்க.

6. தூணைக் குடுக்காதீங்க. அதை இனி வாங்க முடியாது, அதுக்கு யாரும் எண்ணெய் கூடப் போட வேண்டாம். தரைக்குச் சித்தி முட்டி மடக்காம துடைக்கிற மாதிரி சாதா சொரசொர டைல்ஸ் போடுங்க, நீளக்காம்பு மாப் வாங்குங்க. அந்த மாப்பை வாரத்துக்கு மூணு நாள் நீங்க பிடிங்க :-)

ஆறாவது பாயிண்டின் கடைசி வரிக்கு இன்னும் பதில் வரலை. தூணை மட்டும் இப்போதைக்கு விக்கலைன்னு தம்பி சொன்னான். பழைய சாமான்காரர் விலையை ஏத்திக் கேட்டுட்டு இருக்காராம்.

*

என் வீட்டுக்காரம்மா கடைசியில் என்ன போட்டாங்கன்னு கேப்பீங்க. டபிள்யூ.பி.சி.தான். அவங்களுக்கு 70 வயசு, தனியா இருக்காங்க. வருஷத்துக்கொரு தடவை மண்டி போட்டு மரத்துக்கு எண்ணெய் பூச யாரும் இல்லை. அவங்க கணக்கில் அது சரி. கெட்டிப் பலகை, வெளிர் நிறம், துண்டுகளைத் திரும்ப வாங்கற கம்பெனி, மூணும் பார்த்து வாங்கினாங்க. லார்ச் மரத்தை விட விலை கூட.

உங்க வீட்டுத் திண்ணை, தாழ்வாரம், மொட்டை மாடி, இதுல எந்தத் தரை, அதை யார் துடைக்கிறாங்க? எழுதுங்க. டேராடூன் பக்கம் யாராவது இருந்தா காமேசன் பத்தி அங்கே ஒரு பலகையாவது வச்சிருக்காங்களான்னு பார்த்துச் சொல்லுங்க.